முறை வைத்துக் கட்டிய வாட்ச்

"எழுந்து நில்" என்று ஒரு வாட்ச் என்னைப் பார்த்துச் சொன்னது. யாரைப் பார்த்து? என்னை. தலையில் உப்புக்கூடை, காலுக்குக் கீழே உப்புத்தண்ணீர், மேலே கத்திரி வெயில். கிழக்கு வெளுக்கும் முன்பே பாத்தியில் இறங்கியவள், அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உட்காரவில்லை. மணிக்கட்டில் அது டொக் டொக்கென்று தட்டியதும், கூடையைக் கொண்டுபோய்க் கரையில் இருந்த உப்புக் குவியலில் கொட்டிவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி. பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் புரிந்துகொண்டேன். புரிந்ததும் வந்ததே ஒரு கோபம்! கழற்றி வாய்க்காலில் வீசாமல் விட்டது என் மகள் முகத்துக்காகத்தான்.

மகள் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்த வருஷம் அவள் புது வாட்ச் வாங்கினாள், பழையதை என் கையில் கட்டிவிட்டாள். அந்தக் கம்பெனி முதன்முதலாகப் போட்ட மாடலாம். அவளே அதை யாரிடமோ செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்தாள். தனியாக அது வேலை செய்யாது, கூடவே ஒரு போன் வேண்டும் என்று தன் பழைய போனையும் கொடுத்தாள். இரண்டும் அவள் கணக்கிலேயே இருந்ததால், நான் நடப்பதும் என் நெஞ்சு துடிப்பதும் சென்னையில் அவள் போனில் தெரியும்.

"உன்ன நம்ப முடியாதும்மா. எப்போ கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன்னுவ. இது பொய் சொல்லாது," என்றாள்.

பொய் சொல்லாதாம்! கட்டிய முதல் நாளே அது என்னைப் பற்றிக் கோள் மூட்டிவிட்டது. அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா? வேலைக்குப் போவலயா? நாள்பூரா படுத்துக்கினே இருந்தியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பாத்திக்கும் கரைக்கும் நடந்த நடையில் இடுப்பு கழன்று கிடக்கிறது, இவள் படுத்திருந்தாயா என்கிறாள். அப்புறம் இரண்டு பேருமாக யோசித்துத்தான் விஷயம் பிடிபட்டது. கையை வீசி நடந்தால்தான் அந்த வாட்சுக்கு அது நடை. நாங்களோ இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள். கை அசையவில்லையா, ஆள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அது முடிவு கட்டிவிடும்.

"கூடைய உட்டுட்டு கைய வீசிக்கினு நடந்தா உப்பு எங்கடி நிக்கும்?" என்று கேட்டேன். மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த நர்ஸும் சிரிப்பது கேட்டது.

இன்னொரு நாள், ஆம்பளை ஆள் ஒருவர் வரவில்லை என்று நானே பலகை பிடித்து உப்பு வாரினேன். நீளக் கம்பின் முனையில் பலகை இருக்கும், பாத்தியில் படிந்த உப்பை அதால் இழுத்து ஓரத்தில் சேர்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே கையை முன்னும் பின்னுமாக இழுக்கிற வேலை. அன்றைக்கு அந்த வாட்ச் பட்டாசு வெடிப்பது போல் கலர் கலராகக் காட்டி என்னைப் பாராட்டியது. சுமந்தால் திட்டு, இழுத்தால் பாராட்டு. சரி, இதற்கு இவ்வளவுதான் அறிவு என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அறிவு குறைந்தவர்களை வைத்து வேலை வாங்குவது எனக்குப் புதிதில்லை. உப்பளத்தில் பெண்கள் செட்டுக்கு நான்தான் மேஸ்திரி.

அந்த வாட்சோடு குடும்பம் நடத்துவது சாதாரணமில்லை. தினமும் சார்ஜ் போட வேண்டும், ஒரு நாள் மறந்தால் மறுநாள் டீ குடிக்கும் நேரத்திலேயே கண்ணை மூடிவிடும். ஈரக்கையோடு தொட்டால் பேய் பிடித்ததுபோல் தானாக எதையாவது திறக்கும். ஒருமுறை தானாகவே மகளுக்குப் போன் போட்டுவிட்டது. அவள் டூட்டியில் பதறிப்போய் எடுத்தால், நாங்கள் ஆறு பேரும் கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்ததைத்தான் கேட்டிருக்கிறாள். ரப்பர் பட்டை உப்பு ஏறி, வெடித்து, ஒரே சீசனில் அறுந்தது. அந்த மாடலுக்குப் பட்டை இப்போது கிடைக்காது என்று பாண்டிச்சேரியில் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நான் விடுவேனா? நீல ஜாக்கெட் துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து, ஓரத்தில் ஊக்கு வைத்துக் கட்டிக்கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் அளத்தை ஒட்டித்தான் போகிறது. காரை நிறுத்தி, உப்பை போட்டோ எடுக்க ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு தம்பி, கையில் உள்ளங்கை அகலத்துக்கு வாட்ச் கட்டியிருந்தான், என்னுடையதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஆன்ட்டி, இது ஃபர்ஸ்ட் மாடல். இதெல்லாம் மியூசியத்துல வைக்கணும்."

"வைக்கலாம்பா. உன்னுது உப்பு சொமக்குமா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு போட்டோ எடுத்துப் போனான்.

எங்கள் செட்டில் எது வந்தாலும் முறைதான். மோர்ப்பானையை யார் தூக்கி வருவது, வேலிக்காத்தான் நிழலில் யார் எந்த இடம், எல்லாவற்றுக்கும் முறை. முக்கியமாக, கூடை தூக்கி விடுவதற்கு. நிறைந்த உப்புக்கூடையை யாராலும் தானாகத் தன் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று, இரண்டு பேருமாகத் தூக்கி, தலையில் சுற்றி வைத்த துணிச் சும்மாட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். முறைக்காரி அன்று சுமக்க மாட்டாள், எல்லாருக்கும் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்ட செட்டில் நான் மட்டும் வாட்ச் கட்டிக்கொண்டு திரிந்தால் விடுவார்களா? "எங்க நெஞ்செல்லாம் துடிக்கலியா?" என்று ஆரம்பித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு நாள் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கட்டியவள் அன்று ராணி. மதியம் சோறு தின்றுவிட்டு உட்காரும்போது எல்லோரும் சூழ்ந்துகொண்டு அவளுடைய துடிப்பைப் பார்ப்பார்கள்.

ஒருத்தி மட்டும் அதைத் தொடக் கூடாது. அப்படி நான் வாயால் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அந்த ஒருத்தி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர்.

சண்டை எதற்கு என்றால், முதல் கூடைக்கு. ஒவ்வொரு சீசனிலும் முதன்முதலாக வாரும் உப்பில் ஒரு கூடையை அளத்து ஓரத்தில் இருக்கும் அம்மனுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். அதைச் சுமப்பது மேஸ்திரி. என் மாமியார் சுமந்தார், அப்புறம் நான். சண்டை வந்த வருஷம் எனக்கு வழியில் செருப்பு அறுந்து, வந்து சேரக் கொஞ்சம் தாமதம். கொஞ்சம்தான். நான் வரப்பில் ஏறும்போது இவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். "நேரம் போவுதுன்னு நான் தூக்கிக்கினேன்க்கா," என்றாள், எல்லார் எதிரிலும், சிரித்துக்கொண்டே. அவ்வளவுதான். அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. என் முறை வந்தால் நான் அவளுக்குத் தூக்கி விட மாட்டேன், அவள் முறையில் அவள் எனக்குத் தூக்கி விட மாட்டாள். கூட இருப்பவர்கள்தான் நடுவில் ஓடி ஓடி வந்து தூக்கி விடுவார்கள். இதில் யார் செய்தது தப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் அவள் செய்ததுதான் தப்பு என்பேன்.

மகளுக்கு முறை விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் போனில் ஒரே இதயம்தான், அதுவும் என்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாள் காலேஜ் பொண்ணு மாதிரி துடிக்குது, மறுநாள் வேற மாதிரி இருக்குது, மாத்திரைய ஒழுங்கா போடுறியா இல்லியா?" என்று கேட்பாள். போடுகிறேன் போடுகிறேன் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கடலில் மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. உப்பு நன்றாக விளையும் நேரமும் அதுதான். ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, எதிர்ல யாராவது இருக்காங்களா? மொதல்ல உக்காரு."

"இன்னாடி?"

"முந்தாநேத்து மதியானம் சோறு துன்னுட்டு உக்காந்துனு இருந்த இல்ல? அப்போகூட உனக்கு ஓடுற மாதிரி துடிச்சிருக்குது. அதுவும் ஒரே சீரா இல்ல, தாறுமாறா இருக்குது. போன வாரமும் ஒரு நாள் அப்டித்தான். பழைய வாட்ச், தப்பா காட்டுதுன்னு நெனைச்சேன். ரெண்டாவது வாட்டியும் அதேதான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். முந்தாநாள் வாட்ச் என் கையில் இல்லை, முறை வைத்துக் கட்டுகிறோம் என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ உன் செட்டுல யாருக்கோ நெஞ்சு சரியில்லம்மா. பெரிய வெயில், இவ்ளோ சுமை. எந்த நேரமும் கீழ விழலாம். யாருன்னு கண்டுபிடி."

நான் வெளியே கோபக்காரிதான், ஆனால் அந்த ஐந்து பேரும் என் பொறுப்பு. பாத்தியில் ஒருத்தி சுருண்டு விழுந்தால் சாலைக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன். மகள் சொன்ன முந்தாநாள் என்றால் லாரி சேற்றில் மாட்டி, நாங்களும் சேர்ந்து தள்ளிய நாள். போன வாரத்தில் அவள் சொன்ன தேதி முதலாளி வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்த நாள். இரண்டு நாளும் ஒருத்தி முறைதான், செட்டிலேயே சின்னவள். குப்பத்துக்காரி, புருஷன் படகுக்குப் போகிறவன், சிரிப்பும் பேச்சுமாக இருப்பாள்.

"நீதானே கட்டினு இருந்த?"

சின்னவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் வேறு எங்கோ பார்த்தாள். "ஆமாக்கா, நான்தான்."

"மயக்கம் கியக்கம் வருதா? படபடன்னு அடிச்சுக்குதா?"

"லேசா," என்றாள், தரையைப் பார்த்து.

லேசாவாம்! கூடையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டிய புடவையோடு அவளைப் பஸ் ஏற்றிப் பாண்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டு. உடம்பை மறைக்கிறவள் குடும்பத்தை மறந்தவள், இரண்டு பிள்ளைகளையும் நடுத்தெருவில் விடப் பார்க்கிறாயா என்று கோட்டக்குப்பம் வரைக்கும் விடாமல் திட்டினேன். பாவம், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் நின்றோம், வரிசையில் நின்றோம், மார்பில் ஒயர் ஒட்டி எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு என்ன? குதிரை மாதிரி இருக்காங்க," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சியவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நான் கட்டலக்கா. ரெண்டு நாளும் அதுக்குக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"உன் ஓரகத்திக்கு. ஒரே ஒரு வாட்டி எனக்கு எவ்ளோ காட்டுதுன்னு பாக்கணும், உங்க அக்காகிட்ட சொல்லாதடின்னு கெஞ்சுச்சு. முந்தானைக்குள்ள மறைச்சு கட்டிக்கினு இருந்துச்சு. துடிப்பப் பாக்க வந்தவங்ககிட்ட சார்ஜ் இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம் பாத்துட்டு, வாட்ச் ரிப்பேருடி, என்னென்னமோ காட்டுதுன்னு கழட்டிக் குடுத்துடுச்சு. இப்போ சரியா காட்டுதான்னு அடுத்த முறையும் கேட்டு வாங்கிச்சு. சொன்னா நீ வாட்சையும் வாங்கிடுவ, என்னையும் செட்ட உட்டுத் தொரத்திடுவன்னு பயமா இருந்துச்சு."

என் வாய்க்குப் பயந்து, சரியாக இருக்கிற நெஞ்சைக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நிற்கும்போதே எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கூடையோடு நடந்து வருகிறவள் பாதி வரப்பில் நின்று, சும்மாட்டைச் சரி பண்ணுவதுபோல் நிற்பாள். வேலைக்குச் சோம்பல் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் இருமிக்கொண்டே இருப்பாள். என் காதில் விழட்டும் என்றே இருமுகிறாள் என்று நினைத்தேன். அவள் வீட்டில் தடைக்காலம். கொழுந்தன் படகுக்குப் போக முடியாமல் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சுமக்கிற உப்பில்தான். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் தூக்கி விடும் முறை என்னுடையது. மற்றவர்களை எல்லாம் தூரத்துப் பாத்திக்கு அனுப்பிவிட்டேன். ஓரகத்தி வழக்கம்போல் கூடையை நிறைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. நான்தான் எதிரே நின்றேன். கொஞ்ச நேரம் அவளும் நின்றாள், நானும் நின்றேன். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"தூக்கி உடறியா, இல்லியா?"

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தேன். அவளும் அந்தப்பக்கம் பிடித்தாள். இழுத்துக் கவிழ்த்தேன். உப்பு முழுவதும் பாத்தியில் போய் விழுந்தது.

"என் பொழப்புல மண்ணப் போடுறியா!" என்று கத்தினாள். தூரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாண்டி, போடுறேன். உன் தலைல இனிமே இந்தக் கையால கூடை ஏறாது. உன் நெஞ்சு ஓடுற ஓட்டம் மெட்ராஸ் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு, சுவத்துக்கு இந்தப்பக்கம் இருக்கிற எனக்குத்தான் தெரியல."

சண்டைக்கு எடுத்த மூச்சு அவளுக்குப் பாதியில் நின்றுவிட்டது. அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முதுகில் கை வைத்தால், ஜாக்கெட்டுக்கு மேலேயே தெரிகிறது, உள்ளே தடதடவென்று.

"படுத்தா மூச்சு முட்டுதுக்கா," என்றாள். "தலகாணிய ரெண்டா வச்சு சாஞ்சுக்கினே கெடக்குறேன். உங்கிட்ட சொன்னா வேலைய உட்டு நிறுத்திடுவ. அவரும் சும்மா இருக்காரு. நான் இன்னா பண்ணுவேன்?"

"சாவ மட்டும் செய்யாத. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றேன். அதைச் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதலாளியிடம் போனேன். உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றை அவளுக்கு ஒதுக்கி வையுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் சேர்ந்துகொள்வாள் என்றேன். அவர் இழுத்தார். அப்படியானால் எங்கள் செட் நாளையிலிருந்து வராது என்றேன். சரி என்றுவிட்டார்.

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி இருக்கிறது என்றார்கள். சின்ன வயதில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்ததா என்று கேட்டார்கள். வந்திருக்கிறது, வேப்பிலை கட்டிச் சரி பண்ணினார்களாம். தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, பலூன் வைத்து அதை விரிக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு கோடை இப்படிச் சுமந்திருந்தால் உப்பிலேயே விழுந்திருப்பாள் என்றும் சொன்னார். காப்பீட்டு அட்டையில் செய்தார்கள்.

அவளை உள்ளே கொண்டுபோன அன்று நானும் கொழுந்தனும் வெளியே பெஞ்சில் இருந்தோம். அந்த மனிதர் கடலுக்குப் பயப்படாதவர், அன்று கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கும் பயம்தான். கதவு திறக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. முதல் கூடையாவது மண்ணாங்கட்டியாவது, அவள் நல்லபடியாக வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. அப்போது மணிக்கட்டில் டொக் டொக்கென்று வாட்ச் தட்டியது. மூச்சை இழுத்து விடு என்று காட்டியது. பூ விரிவதுபோல் ஒரு படம், விரியும்போது இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். அது சொன்ன எதையும் நான் அதுவரை மதித்ததில்லை. அன்று கேட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அது விரிய விரிய இழுத்தேன், சுருங்கச் சுருங்க விட்டேன்.

அவள் நல்லபடியாக வந்தாள். மாத்திரைகள் உண்டு, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், சுமை தூக்கவே கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டேன். இதற்கு முறை கிறை எதுவும் கிடையாது, இனி இவளுக்குத்தான் என்று செட்டில் சொல்லிவிட்டேன். மகள் தன் போனில் அவளுடைய துடிப்பைப் பார்த்துக்கொண்டு, "சித்தி இன்னைக்கு சரியாவே நடக்கல" என்று எனக்குப் போன் பண்ணுவாள். நான் சுவரைத் தட்டுவேன். "அடியே, எழுந்து நட!" என்பேன். அந்தப்பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கேட்கும், அப்புறம் செருப்புச் சத்தம் கேட்கும். ஷெட்டில் அவள் வேலை பிரமாதம் என்று முதலாளியே இப்போது சொல்கிறார்.

மழை முடிந்து, பாத்திகளைச் சரி பண்ணி, இந்த சீசனில் முதல் உப்பு படிந்தது. அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். புதுக்கூடை, மஞ்சள் குங்குமம், வேப்பிலை எல்லாம் தயார். செட் முழுவதும் வந்து நின்றது. ஷெட்டிலிருந்து அவளும் வந்து, ஓரமாக நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவள்போல், கையைக் கட்டிக்கொண்டு.

"இங்க வா," என்றேன்.

வந்தாள். நான் சும்மாட்டைச் சுற்றி அவள் தலையில் வைத்தேன். கூடைக்குள் இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளை தூக்கும் கனம்கூட இல்லை, அவளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் எதிரே நின்று, விளிம்பைப் பிடித்து, நான்தான் அவள் தலைக்குத் தூக்கி விட்டேன்.

"இன்னாக்கா, இவ்ளோதானா?" என்றாள்.

"அம்மனுக்கு இது போதும். நட."

பழக்கதோஷம், இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நீலத் துணிப் பட்டையோடு அந்த வாட்சும் கூடவே மேலே போய் நின்றது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"ஏண்டி, காத்தா அடிச்சுக்கினு போவுது? ஒரு கையால புடி போதும். வாட்ச் கட்டுன கைய கீழ எறக்கு. வீசி நட, அப்பத்தான் அதுக்குத் தெரியும்."

அவள் அந்தக் கையை இறக்கினாள். வீசிக்கொண்டே வரப்பில் நடந்தாள். நான் பின்னால் போனேன்.